தமிழ்வாணியின் மூணாவது தாள்

எனக்குச் சட்டுன்னு கோவம் வரும். இத ஒளிச்சு ஆகப்போறது ஒண்ணுமில்ல, மதுரை கோரிப்பாளையத்துல யாரைக் கேட்டாலும் சொல்லிருவாய்ங்க. "நீங்க வாயத் தொறந்தா தெருவே கதவச் சாத்துது"ன்னு என் சம்சாரம் நஜ்முன்னிசா தெனமும் சொல்லும். முப்பது வருசமா கண்ணாடி யாவாரம். கஸ்டமரத் திட்டியிருக்கேன், லாரிக்காரனத் திட்டியிருக்கேன், ஒரு தடவ போலீஸ்காரரையே திட்டிட்டு ரெண்டு நாளு கடையத் தொறக்காம இருந்திருக்கேன். அப்பேர்ப்பட்ட மன்சூரு ஒரு ஆளு முன்னாடி வாயப் பொத்திக்கிட்டு நின்னான்னா, அது தமிழ்வாணி முன்னாடிதான்.

தமிழ்வாணிக்கு முப்பத்தாறு வயசு. மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில ஒத்தக் கம்ப்யூட்டர வச்சுக்கிட்டு கட்டடத்துக்கு டிராயிங் போட்டுக் குடுக்குது. சொந்த ஊரு திருவாதவூர். அப்பா ஆண்டிச்சாமி அடுத்தவுக வயல்ல அறுப்பறுத்தவரு. பெறகு ரெண்டு ஏக்கர் குத்தகைக்குப் புடிச்சு நெல்லு போட்டு, மகளைப் பாலிடெக்னிக்ல சேத்துவிட்டாரு. வீட்டுக்காரர் முத்துக்குமரன் மினிபஸ் கண்டக்டர். அதிர்ந்து பேசாத பொம்பள. ஆனா முடியாதுன்னு சொல்லிருச்சுன்னா அம்புட்டுதான், அதுக்கு மேல பேச்சே கெடையாது.

அந்த முடியாதை நான் மொதல்ல வாங்குனது போன வருசம் மாசி மாசம்.

நல்லகாமன்னு ஒருத்தர், ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டுல கல்யாண மண்டபம் கட்டிக்கிட்டு இருந்தாரு. வாசல் பூரா கண்ணாடிச் சுவரு வேணும், சுத்திச் சட்டமே இருக்கக்கூடாது, அந்தரத்துல நிக்கிற மாதிரி இருக்கணும்னாரு. அது எப்படின்னா, ஒவ்வொரு கண்ணாடியிலயும் மூலைக்கு ஒண்ணா நாலு ஓட்டை, ஓட்டைக்குள்ள போல்ட்டு. போல்ட்டைப் புடிக்க நாலு காலு வச்ச ஒரு எஃகுப் பிடி. நாங்க ஸ்பைடர்னு சொல்லுவோம். முழுக் கண்ணாடியும் அந்த நாலு போல்ட்டுலதான் நிக்கும். அதுவரைக்கும் நான் அதுல ஒண்ணுகூட மாட்டுனதில்ல. "ஜமாய்ச்சிரலாம்ணே"ன்னுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்தப்பறம்தான் என்னத்துக்கு ஒத்துக்கிட்டு வந்தோம்னு உறைச்சுச்சு.

ஏன்னா இந்தக் கண்ணாடிய சூளையில சூடேத்திக் கெட்டியாக்குவாய்ங்க. கெட்டியானதுக்கப்பறம் ஒரு ஊசித் தொளைகூடப் போட முடியாது, போட்டா கல்கண்டா உதுந்துரும். ஓட்டை எங்க, எம்புட்டு அகலம்னு மொதல்லயே டிராயிங் போட்டுக் குடுத்தாகணும். நான் நெட்டுல தேடி ஒரு டிராயிங்க எறக்குனேன். பாக்கப் பளிச்சுன்னு இருந்துச்சு. அதைத் தூக்கிக்கிட்டுத் தமிழ்வாணிகிட்டப் போனேன்.

"வாணிம்மா, இதுல பேர மட்டும் மாத்தி மண்டபத்துப் பேரப் போட்டுக் குடு. அஞ்சு நிமிச வேல."

அது ஸ்கிரீன்ல பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துச்சு. அஞ்சு நிமிசம் போயி கால்மணி நேரம் ஆச்சு.

"முடியாதுண்ணே."

"ஏன், கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதா?"

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. இது பனி பெய்யுற ஊருக்குப் போட்ட டிராயிங். ஸ்பைடர் உள்பக்கம் இருக்கு. உங்க மண்டபத்துக்காரரு எஃகு ரோட்டுக்குப் பளபளன்னு தெரியணும்னு வெளிய கேக்குறாரு. நம்மூரு வெயில்ல கண்ணாடி நீளும், ஸ்பைடர் நீளும், ரெண்டும் வேற வேற அளவா நீளும். ஓட்டையில அதுக்கு எடம் விடணும். எனக்கு ஏழு நாள் குடுங்க, சரியானதைத் தேடித் தாரேன்."

"ஏழு நாளா? ஒரு படத்துக்கு ஏழு நாளா? நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்!"னு கத்திட்டுப் படி எறங்குனேன். கீழ ஜெராக்ஸ் கடைக்காரன் சிரிச்சான். ஊருல வேற ஆளு இருந்தா நான் ஏன்யா மேலூருக்கு வாரேன்? மறுபடி மாடியேறி, "சரி, ஏழு நாளு. எட்டாவது நாளு நான் மனுசனா இருக்க மாட்டேன்"னு சொல்லிட்டு வந்தேன்.

நெட்டுல உக்காந்து தேடப்போகுதுன்னு நெனச்சேன். அதுவும் தேடுச்சு, நூத்துக்கு மேல பாத்துச்சாம். ஆனா நாலாவது நாளு எனக்கு ஒரு போன். மதுரைக்குள்ள ஒரு பெரிய துணிக்கடை செக்யூரிட்டி.

"பாய், உங்க ஆளுன்னு ஒரு பொம்பள இங்க டேப்ப வச்சு எங்க கண்ணாடிய அளக்குது. திருட வந்துச்சா, தீ வைக்க வந்துச்சா?"

யா அல்லா! வண்டிய எடுத்துக்கிட்டுப் பறந்தேன். போற வழியெல்லாம் என்னென்ன திட்டணும்னு வரிசை போட்டுக்கிட்டே போனேன். அங்க போனா தமிழ்வாணி பிளாட்பாரத்துல அண்ணாந்து நிக்குது. பக்கத்துல செக்யூரிட்டியும் அண்ணாந்து நிக்கிறாரு. அதுக்குள்ள அவரு அதுக்கு அசிஸ்டெண்டு ஆகிட்டாரு.

"இங்க பாருங்கண்ணே"ன்னு கை காட்டுச்சு. மூணாவது வரிசைக் கண்ணாடி, ஒரு மூலையில ஓட்டைய ஒட்டித் தூள்தூளா நொறுங்கி, பூராத்தையும் அகலமான டேப்பு போட்டு ஒட்டி நிப்பாட்டி வச்சிருக்காய்ங்க. "இந்தண்ணன்கிட்ட எப்ப ஒடஞ்சதுன்னு கேளுங்க."

செக்யூரிட்டி சொன்னாரு: "போன ஆடித் தள்ளுபடிக்கு முப்பதடி பேனர் கட்டுனாய்ங்க. அந்த நட்டுவாக்காலி மாதிரி இருக்குல்ல, அதுலதான் கயித்தைப் போட்டு இறுக்குனாய்ங்க. ரெண்டாவது நாளு காத்து. டப்புன்னு ஒரு சத்தம்."

நான் ஸ்பைடரப் பாத்தேன். காலுல கயிறு அறுத்த தடம் இருந்துச்சு.

"மதுரையில இந்த மாதிரிச் சுவரு ஒம்பது பாத்துட்டேன்ணே"ன்னுச்சு தமிழ்வாணி. "ஏழுல கயித்துத் தடம் இருக்கு. பேனர் ஒரு பாய்மரம் மாதிரிக் காத்தைப் புடிச்சு ஸ்பைடர் காலை இழுக்கும். காலு திருகுனா போல்ட்டு திருகும், ஓட்டையில கண்ணாடி நொறுங்கும். நான் பாத்த நூறு டிராயிங்லயும் காத்துக்குக் கணக்கு இருக்கு, மழைக்கு இருக்கு, நிலநடுக்கத்துக்குக்கூட இருக்கு. பேனருக்கு இல்ல. நம்மூருல பேனர் இல்லாத வாசல் எங்கண்ணே இருக்கு?"

வரிசை போட்டு வச்ச திட்டையெல்லாம் ஓரமா வச்சேன். டீ வாங்கிக் குடுத்தேன்.

டீக்கடையில வச்சுத்தான் ராமக்காள்னு ஒரு பொம்பளயோட கதையச் சொல்லுச்சு. படிச்சு முடிச்ச புதுசுல மதுரையில ஒரு ஆபீஸ்ல வேல. அங்க மொதலாளி இதே மாதிரி ஒரு டிராயிங்க எறக்கிக் குடுத்து, பேர மாத்துன்னாராம். மாத்திக் குடுத்துச்சு. அஞ்சு மாசம் கழிச்சு அந்தக் கண்ணாடி, கீழ கூட்டிக்கிட்டு இருந்த ராமக்காள் மேல விழுந்துச்சு. உசுரு தப்பிச்சது. வலது கை நரம்பு போச்சு, விரலு மடங்காது. "எங்கூர்ப் பக்கத்து ஊருதான்ணே. பஸ்ல பாப்பேன். இடது கையால டிக்கெட்டுக்குக் காசு எடுத்து நீட்டும். அந்த டிராயிங்கப் போட்டது நான்தான்னு அதுக்குத் தெரியாது. ரெண்டு வருசம் கழிச்சு நானே போயிச் சொன்னேன்."

"என்ன சொல்லுச்சு?"

"சாப்ட்டுட்டுப் போன்னுச்சு." டீ கிளாஸ வச்சுட்டு எந்திரிச்சுருச்சு. "இன்னொரு ஆளு என் தாளால அப்படி ஆகக்கூடாதுண்ணே. அதுக்குத்தான் ஏழு நாளு."

நான் அதுக்கப்பறம் நாளு கேக்கல. பதினோரு நாளு ஆச்சு.

மூணு தாளு குடுத்துச்சு. மொதத் தாளுல கண்ணாடி: நாலு ஓட்டையில ஒண்ணு போல்ட்டுக்குச் சரியா, ஒண்ணு பக்கவாட்டுல நீட்டமா, மிச்சம் ரெண்டு தாராளமா. வெயில்ல கண்ணாடி நகர எடம். ரெண்டாவது தாளுல போல்ட்டு, நைலான் வளையம், எம்புட்டு முறுக்கணும்னு நம்பரோட. இது எங்காளுகளுக்குன்னே போட்ட தாளு. எங்க தொழில்ல நட்டை முறுக்குனா கண்ணு பிதுங்குற வரைக்கும் முறுக்குறவன்தான் ஆம்பள. என் மச்சான் பீர் முகமது அதுல சூரன். அவனைக் கூப்புட்டு, முறுக்கு அளவு காட்டுற ஸ்பேனரக் கையில குடுத்து, "அண்ணே, முள்ளு இந்தக் கோட்டைத் தாண்டுனா அவுத்துட்டு முதல்ல இருந்து போடுவீங்க"ன்னு சொல்லுச்சு. மறுபேச்சு இல்லாம தலையாட்டுனான். எங்க அக்கா சொல்லிக்கூட அவன் அப்படித் தலையாட்டி நான் பாத்ததில்ல.

மூணாவது தாளுதான் ஒலகத்துலயே இல்லாத தாளு. கண்ணாடிக்கு ஒரு அடி முன்னாடி, மேல ஒரு குழாய், கீழ ஒரு குழாய். ரெண்டையும் புடிச்சு நிக்கிறது கான்கிரீட்டு. அடிக்கொரு கொக்கி. அதுல பேனர் கட்டிக்கலாம், காத்து எம்புட்டு இழுத்தாலும் இழுப்பு கான்கிரீட்டுக்குப் போயிரும், கண்ணாடியத் தொடாது. மதுரையில ஒரு இன்ஜினியரு கணக்கெல்லாம் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டாரு. மூணாவது தாளத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதை எங்கம்மா புடிச்ச?"ன்னு கேட்டாரு. "பஸ்ல போயித்தான் சார்"னுச்சு.

இப்ப என் யோக்கியதையச் சொல்லணும். சொல்லாம விட்டா இந்தக் கதைய நான் சொல்றதுல அர்த்தமில்ல.

கண்ணாடி ஏறி நின்னுச்சு. அழகுன்னா அழகு, ரோட்டுல போற பஸ்ஸெல்லாம் அதுல தெரிஞ்சுச்சு. குழாய மாட்ட ஆளு கூட்டிட்டுப் போனப்ப நல்லகாமன் வந்துட்டாரு. "என்ன பாய் இது, இம்புட்டு அழகா செஞ்சுட்டு முன்னாடி மாட்டுக் கொட்டத்துக்குப் போடுற மாதிரிக் கம்பியா? யாரு சொன்னா?"

"டிராயிங் போட்ட பொண்ணு."

"யாரு அது?"

"திருவாதவூர் ஆண்டிச்சாமி மக."

"ஓ." ஒரு மாதிரி இழுத்தாரு. அந்த இழுவைக்கு என்ன அர்த்தம்னு இந்தப் பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சண்டை போட வேண்டிய எடம். ஊரெல்லாம் கத்துற நான் அங்க கத்தல. அடுத்து அவரு ஒரு பெட்ரோல் பங்கு கட்டப்போறாருன்னு கேள்வி. "சரிண்ணே, வேணாம்னா வேணாம்"னுட்டுக் குழாயத் திருப்பிக் கொண்டுவந்து கடைக் கொல்லையில போட்டுட்டேன். தமிழ்வாணிகிட்டச் சொல்லவுமில்ல.

ஆனி மாசம். மண்டபத்துல மொதக் கல்யாணமே நல்லகாமன் மக சுபலட்சுமிக்கு. என்னையும் பீர் முகமதையும் தமிழ்வாணியையும் கூப்புட்டிருந்தாரு. காலையில எட்டு மணிக்கு வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போயி எறங்குனா, எனக்குக் கண்ணு இருட்டிருச்சு.

கண்ணாடிச் சுவரு பூரா ஒரே பேனர். முப்பதடிக்கு இருபதடி. பொண்ணோட தாய்மாமன் சேவுகன் ஜல்லிக்கட்டுக் காளையப் புடிச்சுக்கிட்டு, கூலிங்கிளாஸோட நிக்கிறாரு. சுத்தி அவரு பங்காளிக அறுவது மூஞ்சி. அம்புட்டுக் கயிறும் ஸ்பைடர் காலுலதான் கட்டியிருக்கு. தென்மேக்குக் காத்து வேற எடுத்திருச்சு. ஒவ்வொரு தடவ அடிக்கிறப்பவும் பேனர் வயிறு மாதிரி உப்பி அடங்குது.

தமிழ்வாணி எனக்கு முன்னாடியே வந்திருந்துச்சு. பட்டுச் சேலை கட்டி, தலையில பூ வச்சு, வாசலுக்கு நேரா நின்னு மேல பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"குழாய் எங்கண்ணே?"

நான் தலையக் குனிஞ்சேன்.

தமிழ்வாணி நேரா நல்லகாமன்கிட்டப் போச்சு. நானும் பின்னாடியே போனேன். பேனரை அவுக்கணும்னு எடுத்துச் சொல்லுச்சு. அவரு மொகம் செவந்துருச்சு. "தாய்மாமன் பேனர அவுக்கிறதா? சீரு இன்னும் வரல, அதுக்குள்ள பேனர எறக்குனேன்னா என் மச்சினன் சீரைத் திருப்பிக் கொண்டுக்கிட்டுப் போயிருவான். கல்யாணம் நின்னுரும்மா. போ, போயிச் சாப்புடு."

அவரு சொன்னதும் பொய் இல்ல. பேனர்ல மூஞ்சி சின்னதா போட்டதுக்கே இங்க மண்டை ஒடஞ்சிருக்கு. தாய்மாமன் பேனர எறக்குறதுன்னா கையில கத்தியக் குடுக்குற மாதிரி.

தமிழ்வாணி திரும்பி வந்துச்சு. செருப்ப ஓரமா விட்டுட்டு, கண்ணாடிக்கு நேர் அடியில, வாசல் நடுவுல போயி நின்னுருச்சு. வாரவுகள எல்லாம் கை காட்டி, "பக்கத்து வாசல் வழியாப் போங்க, பக்கத்து வாசல் வழியாப் போங்க"ன்னு திருப்பிவிட்டுச்சு. சந்தனம் தெளிக்க நின்ன பொண்ணுகளையும் அங்குட்டு அனுப்பிருச்சு.

"வெளிய வாம்மா! மேல விழுந்துச்சுன்னா?"ன்னு கத்துனேன்.

"நான் இங்க நின்னாத்தான்ணே நேரா யாரும் வரமாட்டாங்க. நகந்தேன்னா குழந்தைக ஓடி வந்துரும்."

மேல 'டிக்'குன்னு ஒரு சத்தம். சின்னச் சத்தந்தான். பொய் சொல்ல மாட்டேன், என் காலு ரோட்டுப் பக்கம்தான் போச்சு. நாலு எட்டு போயிட்டேன். அங்க இருந்து திரும்பிப் பாத்தா, நான் மாட்டுன கண்ணாடிக்கு அடியில, நான் விட்ட குழாய்க்காக அந்தப் பொம்பள தனியா நிக்குது. இதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்ன அவமானம் இருக்கு? திரும்பி வந்து பக்கத்துல நின்னேன். கலிமா சொல்லிக்கிட்டேதான் நின்னேன்.

கொட்டுச் சத்தம் கேட்டுச்சு. தாய்மாமன் சீரு வருது. முன்னாடி சேவுகன், தோள்ல துண்டு, பின்னாடி தட்டுத்தட்டா பொம்பளைக. வாசலுக்கு வந்தவரு நாங்க ரெண்டு பேரும் மறிச்சுக்கிட்டு நிக்கிறதப் பாத்து நின்னாரு. மேளம் நின்னுச்சு. நல்லகாமன் ஓடி வாரதுக்குள்ள தமிழ்வாணியே பேசிருச்சு. நல்லகாமன், சேவுகன் மாதிரி ஆளுகள அதோட அப்பா ஐயான்னுதான் கூப்புட்டிருப்பாரு. இது அண்ணேன்னுதான் கூப்புட்டுச்சு.

"அண்ணே, இந்தச் சுவருக்கு டிராயிங் போட்டது நான். உங்க பேனர் காத்தைப் புடிச்சுக் கண்ணாடிய இழுக்குது. தாங்காது. இன்னும் அரமணி நேரத்துல உங்க மருமக சுபலட்சுமி மாப்பிள்ளைய அழைக்க இந்த வாசலுக்குத்தான் வரும்."

சேவுகன் அண்ணாந்து தன் படத்தையே பாத்தாரு. காத்து ஒரு வீச்சு அடிச்சுச்சு. மறுபடியும் 'டிக்'.

கூட்டத்துல ஒருத்தன், "மாமா, யாரோ சொல்றதக் கேட்டு..."ன்னு ஆரம்பிச்சான்.

"வாய மூடுடா"ன்னாரு சேவுகன். துண்டை எடுத்து இடுப்புல கட்டுனாரு. "ஏணியக் கொண்டாங்கடா. எவனும் ஏற வேணாம், என் படத்தை நானே அறுக்குறேன்."

ஏணிய நானும் பீர் முகமதும் புடிச்சோம். அந்த மனுசன் தேங்காய் வெட்டுற அருவாளோட மேல ஏறி, கயித்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொண்ணா அறுத்தாரு. காளை மடங்கிச்சு, கூலிங்கிளாஸ் மடங்கிச்சு, அறுவது மூஞ்சியும் மடங்கிக் கீழ வந்துச்சு. எறங்கி வந்து தமிழ்வாணியப் பாத்து, "சீரு இப்ப இந்த வழியா போலாமா தாயி?"ன்னு கேட்டாரு.

"கொஞ்சம் பொறுங்கண்ணே"ன்னுச்சு. இந்த நெலமையிலயும்! பீர் முகமது ஏறி ஒவ்வொரு போல்ட்டாப் பாத்தான். ரெண்டாவது வரிசையில ஒரு நைலான் வளையம் பிதுங்கி, எஃகு கண்ணாடியத் தொடுறதுக்கு ஒரு நூலு பாக்கி. எங்க லோடு வண்டியில இருந்து வேற வளையமும் அந்த ஸ்பேனரும் எடுத்துவந்து போட்டு, கோடு வரைக்கும் மட்டும் முறுக்குனான். அதுக்கப்பறம்தான் தமிழ்வாணி நகந்துச்சு. மேளம் மறுபடி எடுத்துச்சு. சேவுகன் சீரோட அந்த வாசல் வழியாவே உள்ள போனாரு.

தமிழ்வாணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில போயி உக்காந்துச்சு. தண்ணி டம்ளரக் குடுத்தேன். ஒரே மடக்குல பூராத்தையும் குடிச்சுச்சு.

"பயந்துட்டியாம்மா?"

"பயந்துக்கிட்டேதான்ணே நின்னேன்."

"குழாய வேணாம்னது அவரு. சரின்னு சொன்னது நான். நாயி நான். மன்னிச்சிரும்மா"ன்னேன். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, சனங்க பாத்தாலும் பாக்கட்டும்னு துடைக்கல.

அது டம்ளரக் கீழ வச்சுச்சு. "குழாய் எங்கண்ணே இருக்கு?"

"கடைக் கொல்லையில. நாளைக்குக் காலையில..."

"சாயங்காலம் வரவேற்புக்கு மாப்பிள்ள வீட்டுப் பேனர் வருதுண்ணே."

வெள்ளச் சட்டையோட லோடு வண்டிய எடுத்துக்கிட்டு நானும் பீர் முகமதும் கோரிப்பாளையத்துக்குப் பறந்தோம். குழாய ஏத்திக்கிட்டுத் திரும்புறப்ப மணி ரெண்டரை. பந்தியெல்லாம் முடிஞ்சு இலை எடுத்துக்கிட்டு இருந்தாய்ங்க. மாப்பிள்ள வீட்டுப் பசங்க சுருட்டுன பேனரையும் ஏணியையும் வச்சுக்கிட்டு வாசல்ல வரிசையா உக்காந்திருந்தாய்ங்க. அவய்ங்களுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல, சாப்புடக்கூடப் போகாம, தமிழ்வாணி நின்னுக்கிட்டு இருந்துச்சு.